நின்ற காரில் பார்த்த படம்

பெங்களூருக்குப் போய் மகளின் காரை விற்கவைத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினேன். தோள்பையில் இரண்டு புடவையும் ஒரு டப்பா எள்ளுப்பொடியும் இருந்தன. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. செங்கம் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சாலையில்தான் ஆறு மாதத்துக்கு முன் நான் ஓட்டிய கார் மதகுச் சுவரில் மோதியது.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பவித்ரா, எங்கள் ஒரே மகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். வயல் பாதையிலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது, நான் வண்டியைத் திருப்பினேன். பைக்கில் வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். அவளுக்கு இடது தோளில் காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. நான் அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்புநர். பத்தொன்பது வருடமாக ஊராரின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அன்று மகளின் ரத்தப் பிரிவு மறந்துபோனது. கேட்ட நர்ஸிடம் என்னுடையதைச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். நாற்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டேன், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விபத்துக்குப் பிறகு ஓட்டுவது இருக்கட்டும், காரில் ஏறவே இல்லை. பஸ்ஸில் போகிறேன், ஆட்டோவில் போகிறேன். அவற்றில் ஏனோ பயம் வருவதில்லை. இந்த நிலையில்தான் பவி போன வாரம் போனில், "அம்மா, ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிட்டேன். சின்னதுதான்," என்றாள். தக்காளி வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவள் தங்கியிருப்பது பெண்களுக்கான பி.ஜி. விடுதி. அம்மாக்கள் மூன்று இரவு தங்கலாம், அப்பாக்களுக்கு வாசல் கேட் வரைதான் அனுமதி. நடத்துகிற அம்மாள் நெல்லூர்க்காரர். வெள்ளி இரவு சாப்பாட்டில் பருப்பு, அதன்மேல் சிவப்பாக ஒரு பொடி, தொட்டுக்கொள்ள அதே சிவப்பில் ஒரு துவையல். ஒரு வாய் சாப்பிட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தயிரை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "முதல் நாள் எல்லாரும் அழுவோம் ஆன்ட்டி. அம்மா ஞாபகம்னு வெளிய சொல்லிப்போம்," என்றாள். விழுப்புரத்துப் பெண்ணாம்.

சாப்பிட்டதும் பவி கீழே அழைத்துப்போய்க் காரைக் காட்டினாள். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நின்றது. பின்பக்கம் ஒரு கீறல். நான் கிட்டே போகவில்லை. கீழிருந்து மூன்றாவது படியிலேயே நின்று பார்த்தேன்.

"தொட்டுப் பாரும்மா, கடிக்காது."

"கம்பெனி கேப் வருதே. அது போதாதா?"

"கேப்ல நான் பின்சீட்ல கண்ண மூடிட்டுப் போறேன். எவ்ளோ நாள் மூடிட்டே போறது? நானே ஓட்டினாதான் எனக்குப் போகும்."

எது போகும் என்று எனக்குத் தெரியும். திரும்பி மாடிப்படி ஏறினேன்.

சனிக்கிழமை சிவாஜி நகருக்குப் போனோம். அவள் காரை எடுக்கிறேன் என்றாள், நான் பஸ் என்றேன், பஸ்ஸிலேயே போனோம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இங்கும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருந்ததால், கண்டக்டர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஆதாரை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னதைப் பவி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். "கார்டு நல்லா இருக்காம். ஆனா அது உங்க முதலமைச்சர் ஊர் கார்டாம். இங்க கர்நாடகா கார்டுக்குத்தான் ஃப்ரீயாம், நீ டிக்கெட் வாங்கணுமாம்." பஸ் முழுக்கப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஆறுதலாகத் தலையசைத்தாள்.

பஸ் மேம்பாலச் சாலையில் ஏறியது. தரையிலிருந்து மூன்று மாடி உயரத்தில், ஒன்பது கிலோமீட்டருக்கு நிற்க இடமில்லாமல் போகிற சாலை அது. கார்கள் எங்களை இரண்டு பக்கமும் கடந்து பறந்தன. பவி வெளியே கையைக் காட்டி, "போன புதன்கிழமை இதுல ஓட்டினேன்," என்றாள். இறங்கும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு கடையில் சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் இதைப் பரிமாறினால் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் தட்டே இட்லி, ஒரு தட்டு அகலத்துக்கு வெந்து, விரல் பட்டதும் அமுங்கியது. இரண்டாவதும் கேட்டு வாங்கினேன். நான் சாப்பிடும் நேரம் பார்த்துப் பவி பேச்சை எடுத்தாள்.

"நீ எதுக்கு வந்திருக்கன்னு அப்பா சொல்லிட்டாரு."

"அவருக்கு வாய் நிக்காது."

"சரி. ஒரே ஒரு தடவ அதுல உக்காரு. உக்காந்துட்டு, வித்துடுன்னு சொன்னா வித்துடறேன். சத்தியமா. உக்காராம சொன்னா விக்க மாட்டேன்."

"ஓடற கார்ல என்னால முடியாது பவி."

"ஓட வேணாம். நிக்கற கார்ல உக்காரு. நாளைக்கு ஒரு எடம் காட்டறேன். கார்ல உக்காந்தே சினிமா பாக்கறது. ரெண்டரை மணி நேரம் வண்டி நகரவே நகராது."

காரில் உட்கார்ந்து சினிமா பார்ப்பது எனக்குப் புரியவில்லை. வெளிநாட்டுப் படங்களில் பார்த்ததுண்டு. சர்ஜாபூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் இப்போது ஞாயிறு மாலைகளில் நடத்துகிறார்களாம். நிற்கிற கார்தானே என்று சம்மதித்தேன். அந்த மைதானம்வரை கார் ஓடித்தான் போக வேண்டும் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு மாலை அதற்கும் வழி கண்டுபிடித்தோம். பவி காரில் முன்னால் போவாள், நான் ஆட்டோவில் பின்னால் வருவேன். ஆட்டோக்காரரிடம், "அந்தக் காரை விட்டுடாதீங்க," என்றேன். அவர் ஏதோ திருட்டு விவகாரம் என்று நினைத்து உற்சாகமானார். பாதி வழியில், அது என் மகள் என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். அவர் கேட்டதன் சாரம் இது: "கதவு வெச்ச வண்டியில உங்க பொண்ணு பத்திரமா போறா. கதவே இல்லாத என் வண்டியில நீங்க வர்றீங்க. நானோ நேத்து ராத்திரிலேர்ந்து தூங்கல. உங்களுக்கு யார் மேலம்மா நம்பிக்கை இல்ல?"

நான் முன்னால் போகும் சாம்பல் நிறக் காரையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பங்களில் அவள் முன்கூட்டியே இன்டிகேட்டர் போட்டாள். ஒரு நாய் குறுக்கே ஓடியபோது சத்தமில்லாமல் நின்று, அது போன பிறகு கிளம்பினாள். ஆட்டோக்காரர் அந்த நாயைச் சுற்றிக்கொண்டு போனார்.

மைதானத்தின் கேட்டில் ஒளிரும் ஜாக்கெட் போட்ட பெண்மணி ஒருவர் எங்களை நிறுத்தினார். ஆட்டோ உள்ளே வரக்கூடாது. நடந்தும் வரக்கூடாது. காரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆட்டோக்காரர் என்னிடம், "அவ்ளோதான் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. வேறு வழியில்லாமல் பவியின் காரில் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு ஏறிய காரில் நான் போன தூரம் இருநூறு அடி இருக்கும். பவி நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். என் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

கார்கள் வரிசை வரிசையாக நிற்கிற மைதானம் எனக்குப் புதிதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் ஊர் எல்லையில் கிரிவலத்துக்கு வருகிறவர்களின் வண்டிகள் அப்படித்தான் நிற்கும். ஆனால் அங்கே எல்லாரும் வண்டியை விட்டுவிட்டு நடக்கப் போய்விடுவார்கள். இங்கே வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், ஊர்வலம் நின்றுபோய்விட்ட மாதிரி. எதிரே கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நிற்கவைப்பது போல, குட்டைக் கார்கள் முன்வரிசையில், நெட்டைக் கார்கள் பின்வரிசையில். நாங்கள் இரண்டாவது வரிசை.

ஸ்பீக்கர் எதுவும் இல்லை. படத்தின் சத்தம் காரின் ரேடியோவில் வரும். கேட்டில் கொடுத்த தாளில் எஃப்.எம். எண் இருந்தது. பவி திருப்பியபோது முதலில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது, பிறகு யாரோ கன்னடத்தில் மூலிகை எண்ணெய் பற்றிப் பேசினார், அதன் பிறகுதான் படம் வந்தது. எங்களுக்கு வலப்பக்கம் நின்ற புதிய காரில் முன்விளக்கு அணையவே இல்லை. அதன் சொந்தக்காரர் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். வைப்பர் ஓடியது, டிக்கி திறந்தது, விளக்கு மட்டும் எரிந்தது. கடைசியில் அவர் மனைவி இறங்கி இரண்டு விளக்கின்மேலும் துண்டைப் போர்த்திவிட்டு வந்தார்.

ஏதோ பழைய இந்திப் படம். மலையூர், இரண்டு சகோதரிகள், ஒரு டாக்டர். எனக்கு இந்தி தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கில வரிகளைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு உயரமான கார் தாமதமாக வந்து, ஜாக்கெட் பெண்மணியிடம் வாதாடி, எங்கள் முன்னால் இடது ஓரத்தில் நுழைந்துகொண்டது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் வரிகள் பாதி மறைந்தன.

"எனக்கு இந்தி புரியும். நீ இங்க வந்து உக்காரு," என்றாள் பவி.

"அங்கயா?"

"எஞ்சின் ஆஃப்ல இருக்கும்மா. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன். கீழ ஒரு கல்லு வேணா வெக்கட்டுமா?"

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். உண்மையில் எனக்குக் கல் வேண்டும்போல இருந்தது. ஆனாலும் இறங்கிச் சுற்றிப் போய், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இருக்கை எனக்குச் சரியாக இருந்தது. அவளும் நானும் ஒரே உயரம். கொஞ்ச நேரம் திரையைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல மெல்லப் படத்துக்குள் போனேன்.

நன்றாகத்தான் இருந்தது. தியேட்டரில் நகைச்சுவைக்கு எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். இங்கே ஒவ்வொரு காரும் தனித்தனியாகச் சிரித்தது. திறந்த ஜன்னல்கள் வழியே அது துண்டு துண்டாகக் கேட்டது. பாட்டு வந்தபோது இரண்டு பேர் காருக்கு வெளியே இறங்கி ஆடினார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று தாளில் போட்டிருந்தும் நான் பி.ஜி. சமையலறையில் செய்த எலுமிச்சைச் சாதத்தைக் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன். குனிந்து குனிந்து இருவரும் சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் மகள் கையால் என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கம் இருந்த சீட் பெல்ட், முறிந்து சேர்ந்த அந்தத் தோளின்மேல்தான் வரும். அதையும் நினைத்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். என் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பூப்போட்ட நைட்டிமேல் துப்பட்டா போட்ட, என் வயதுப் பெண்மணி.

"அக்கா, தமிழா? எலுமிச்ச வாசனை வந்துச்சு, தமிழாத்தான் இருக்கும்னு வந்தேன். நாங்க உங்க பின்னாடி வண்டி. வீடு மர்பி டவுன்ல."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சொல்ப... கொஞ்சம் காலை எடுக்கிறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் குனிந்து என் பாதத்தைக் காட்டினார். என் வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது. வெறுமனே இல்லை. முழங்கால் விறைத்து, அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரமா உங்க பின்லைட்டு எங்க மூஞ்சில. ஈரோயினுக்கு அம்மை போட்ட மாதிரி செவப்பா தெரியுது. என் வீட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டறவரு. பொறுமையா இருடி ரீட்டா, யாரோ புதுசா கத்துக்கறாங்கன்னு சொன்னாரு. நான்தான், படம் முடியறதுக்குள்ள கத்துக்கிட்டா பரவால்லன்னு வந்தேன்."

நான் காலை எடுத்தேன். எடுக்க வரவில்லை, கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. மரத்துப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். ரீட்டா, "அதுக்கென்ன அக்கா, இப்ப அவ ஜுரம் எறங்கிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பவி கேட்டில் கொடுத்த தாளை எடுத்துப் போன் வெளிச்சத்தில் பார்த்தாள். ஐந்தாவது வரி: பிரேக்கில் கால் வைக்காதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கண் கூசும்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

அப்போதுதான் சொன்னேன். இந்த ஆறு மாதத்தில் யாரிடமும் சொல்லாதது. இன்ஷூரன்ஸுக்குப் பார்க்க வந்தவர் மதகுச் சுவரைப் படம் எடுத்துவிட்டு, சாலையில் குனிந்து பார்த்து, "பிரேக் போட்ட தடம் எதுவும் காணோமே மேடம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று பிரேக் போட்டேனா, பயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேனா, எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் பைக் வந்தது தெரிகிறது, சுவர் தெரிகிறது. நடுவில் என் கால் எங்கே இருந்தது என்பது மட்டும் வரவே இல்லை.

"உனக்குத் தெரியுமா பவி? நான் பிரேக் போட்டேனா?"

ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒலியைக் குறைத்தாள்.

"எனக்கும் தெரியாதும்மா. நான் போன்ல பாத்துட்டிருந்தேன். நிமிரும்போது சுவர் வந்துடுச்சு." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "உன் இடது கை என் நெஞ்சுக்குக் குறுக்க வந்துச்சு. என்னைத் தடுக்கற மாதிரி நீட்டின. அதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

வேறு ஒருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு மனம் ஆறியிருப்பாள். எனக்கு, அப்படியென்றால் ஸ்டியரிங்கில் ஒரு கைதான் இருந்திருக்கிறது, அதனால்தான் வண்டி சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டதோ என்று ஓடியது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"இதுக்குத்தான் உன்கிட்ட நல்லது எதுவும் சொல்றதில்ல," என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியலன்னா தெரியல. விடு. ரெண்டு பேருக்கும் தெரியல. தெரியாமயே இருப்போம்."

மீதிப் படத்தை நான் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் பின்னால் இருப்பவர்களுக்குப் பத்திரம் என்று தோன்றியது. டாக்டர் இளைய சகோதரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மூத்தவள் சரியாகத்தான் தப்பித்தாள் என்று பவி சொன்னாள்.

படம் முடிந்ததும் மைதானம் முழுக்க விளக்குகள் எரிந்தன. நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். பவி சாவியைத் திருப்பினாள். டக், டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ரேடியோ ஓடியது கொஞ்சம், நான் ஒரு மணி நேரம் எரியவைத்த பின்விளக்கு மீதி. பழைய பேட்டரி தாங்கவில்லை. எங்களைப்போல் இன்னும் ஏழெட்டுக் கார்கள் கிளம்பாமல் நின்றன. அதற்கென்று நடத்துகிறவர்கள் வைத்திருந்தது ஒரே ஒரு பேட்டரிப் பெட்டி. அது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது.

ரீட்டாவும் அவர் கணவர் அந்தோணியும் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள், எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள். அந்தோணி பானெட்டைத் திறந்து பார்த்தார். "பேட்டரிக்குக் கரண்ட் குடுக்கற கேபிள் நம்ம வண்டில இருந்துச்சு. இவ தம்பி வாங்கினு போயி மூணு மாசம் ஆவுது," என்றார்.

"என் தம்பிய இழுக்காம உங்களுக்குப் பொழுது போவாது," என்றார் ரீட்டா.

"உயிரு கொஞ்சம் இருக்குது. தள்ளினா புடிச்சிக்கும். பாப்பா, நீ உக்காரு, ரெண்டாவது கியர்ல போடு."

மூன்று பேர் தள்ளினோம். பவி கிளட்சை அவசரப்பட்டு விட்டாள். கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. அவளுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழக்கமே இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதில்லை. அந்தோணி பின்கண்ணாடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்றார் ரீட்டா.

"தெரியும்," என்றேன். வாய் முந்திக்கொண்டது. முதலில் வைத்திருந்த காரைத் தள்ளித்தான் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்.

பவி இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வலது தோளால தள்ளு. இடது தோள் படக்கூடாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன், கிளட்சை மிதித்தேன், இரண்டாவது கியர் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பின்னால் ரீட்டா, "ஏசுவே," என்றதும் கார் நகர்ந்தது. புல்தரை என் பக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்து, கிளட்சை விட்டேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாதீங்கோ. ஒரு ரவுண்டு வாங்கோ," என்று அந்தோணி கத்தினார். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். ஆகவே ஓட்டினேன். காலியான வரிசைகளுக்கு நடுவே, ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஒட்டி, வெள்ளைத் திரைக்குக் கீழே திரும்பி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜாக்கெட் பெண்மணி டார்ச்சைக் காட்டி வெளியே போகும் வழி அந்தப் பக்கம் என்றார். நான் தலையாட்டிவிட்டு இரண்டாவது சுற்றுப் போனேன். வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. இரண்டு கையும் அதன்மேல்தான் இருந்தன.

திரும்பி வரும்போது முன்விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் பவி. மதகுச் சுவர் வந்ததுபோல அவள் பெரிதாகிக்கொண்டே வந்தாள். கிளட்ச், பிரேக். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கார் நின்றது, எஞ்சின் அணையாமல்.

ஆனால் அவர்களுக்கு முப்பது அடி முன்னாலேயே நிறுத்திவிட்டிருந்தேன். ரீட்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா அக்கா, பஸ் ஸ்டாப்பு அங்கயா? நாங்க ஓடி வந்து ஏறணுமா?"

நால்வரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழவும் செய்தேன். ரீட்டா பார்க்காதது மாதிரி தன் டிக்கியைத் திறந்து, ஒரு டப்பா பிரியாணியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வெளிச் சாப்பாடு அவர்களிடமும் இருந்திருக்கிறது.

திரும்பும்போது பவி ஓட்டினாள். நான் பக்கத்தில். ஆட்டோ தேடவில்லை. லாரி ஒன்று ஒட்டி வந்தபோது மட்டும், "பாத்து," என்றேன். "பாத்துட்டேன்," என்றாள். பி.ஜி. வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கேட்டாள்.

"உக்காந்தாச்சு. இப்ப சொல்லு. வித்துடவா?"

"காலையில சொல்றேன். என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டு விடு," என்றேன்.

திங்கள் காலை அவள் காரிலேயே ஓசூரில் கொண்டுவிட்டுப் போனாள். பஸ் கிருஷ்ணகிரி தாண்டியபோது கணவர் போன் செய்தார்.

"என்ன ஆச்சு? வண்டிய விக்கச் சொல்லிட்டியா, இல்லியா?"

"புது பேட்டரி போடச் சொல்லியிருக்கேன்," என்றேன்.